நுரையீரலும் குருத்தணுக்களும்

தாமல் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிப்போரும் காஞ்சிப் பட்டுக்குத் தறி போட்டிருப்போருமாகிய நமது அங்கத்தினரிடையே சில மாதங்களாக ஒரு புதுச் சொல் நடமாடி வருகின்றது. ‘ஸ்டெம் செல்’ என்பது அச்சொல். இளைப்பு, ஆஸ்துமா, காசநோய் வந்து நீங்கிய பின்னரும் எஞ்சி நிற்கும் மூச்சுத் திணறல் ஆகிய எல்லாவற்றுக்கும் அதனை ஊசி வழியே செலுத்தினால், பழுதுற்ற நுரையீரல் மறுபடியும் தளிர்த்துவிடும் என்று சொல்லப்படுகின்றது. சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் செல்லும் நமக்கு மருத்துவத்தில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கலாம். நகைக் கடன் மனுவில் ‘மருத்துவச் செலவு’ என்னும் காரணத்தின்கீழ் அச்சொல் எழுதப்பட்டு வருமாயின், அது கூட்டுறவு விஷயமும் ஆகிவிடுகின்றது. அவ்வாறு ஒரு மனு வந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் விஷயம் இன்னதென்று அறிந்துகொள்வது நலம்.

ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று தமிழில் ஒரு பெயர் வழங்குகின்றது. பெயர் பொருத்தமானதே. தென்னையில் எத்தனை மட்டைகள் பழுத்து விழுந்தாலும் குருத்து உயிரோடிருக்கும் வரையில் மரத்துக்கு அழிவில்லை. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து தீர்த்துவிட்டால் மரம் பட்டுப்போகும். உடம்பிலும் பெரும்பாலான அணுக்கள் ஒரு தொழிலுக்கென்றே அமைந்து, காலம் முடிந்ததும் மடிபவை. அவற்றின் இடத்தை நிரப்பும் ஆற்றல் சில அணுக்களுக்கே உண்டு. இவை பிரியும்போது ஒரு பங்கு தம்மைப் போலவே குருத்தாக நின்றுவிடும். மறுபங்கு தொழில் செய்யும் அணுவாக மாறும். விளைந்ததில் ஒரு பகுதியை விதைநெல்லாக எடுத்துவைத்து எஞ்சியதை உண்ணும் குடியானவரது முறையும் இதுவே.

இத்தகைய அணுக்கள் உண்மையாகவே உண்டென்பதை 1961ஆம் ஆண்டில் கானடா நாட்டு டொரன்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக் என்னும் இருவர் சுண்டெலியின் எலும்பு மச்சையைக் கொண்டு நிறுவினர். இரத்தம், தோல், குடலின் உட்சவ்வு ஆகியவை இடையறாது தம்மைப் புதுப்பித்துக்கொள்பவை. ஆகவே அவற்றின் குருத்தணுக்களைக் கண்டறிவதில் அவ்வளவு சிரமம் இல்லை. நுரையீரலோ சாதாரண நாட்களில் மிக மெதுவாகவே புதுப்பித்துக்கொள்வது. அடிபட்டால்தான் அதன் குருத்து விழித்தெழும். அதனால் நெடுங்காலம் அதைப்பற்றி ஐயப்பாடுகள் நிலவின.

நுரையீரல் என்பது காற்றை ஊதி நிரப்பும் இரண்டு பைகள் என்றே நம்மிற் பலர் நினைத்திருக்கின்றோம். மூச்சுக்குழல் உள்ளே சென்று இரண்டு இரண்டாகக் கிளைத்து, ஏறக்குறைய 23 தடவை கிளைவிட்டு, முடிவில் மிகச் சிறிய காற்றறைகளில் முடிகின்றது. வளர்ந்த ஒருவரது மார்பில் அத்தகைய அறைகள் சராசரியாக 48 கோடி உண்டெனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்துப் பார்க்க முடியுமாயின், பத்துப் பதினைந்து பட்டுச் சேலைகளை அடுத்தடுத்து விரித்த பரப்புக்குச் சமமாகும். அச்சுவரின் மெல்லிய பகுதியோ, பட்டுப்புழு நூற்கும் ஒற்றை இழையின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இத்துணை நுண்ணிய துணியை நாளொன்றுக்கு இருபதினாயிரம் தடவைக்குக் குறையாமல் விரித்துச் சுருக்கி வாழ்நாள் முழுதும் பயன்படுத்துகின்றோம் என்றால், அது எவ்வாறு கிழியாமல் நிற்கின்றது என்ற கேள்வி எவருக்கும் எழ வேண்டும்.

விடை அந்தச் சுவரிலேயே இருக்கின்றது. காற்றறையின் உட்புறத்தில் இருவகை அணுக்கள் உள்ளன. முதல் வகையின ஓடு பரப்பினாற்போல் அகன்று தட்டையாகப் படர்ந்து, பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைத் தாமே மூடியிருக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயு இவற்றை ஊடுருவித்தான் இரத்தத்தைச் சேரும். இரண்டாம் வகையின உருவிற் சிறியவை. மூலைகளில் ஒதுங்கி நிற்பவை. எண்ணிக்கையில் இவையே மிகுதி. எனினும் இவை மூடும் இடம் நூற்றுக்கு ஐந்து பங்கே. இவை ஒருவகை வழவழப்பான திரவத்தைச் சுரக்கின்றன. அது இல்லாவிடில் காற்றறைகள் ஈரத்துணி போல் ஒட்டிக்கொண்டு விரிய மறுக்கும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட இயலாமல் இறந்ததற்கு இத்திரவம் போதாமையே காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரி என்னும் அம்மையாரும் ஜெரி மீட் என்பவரும் கண்டு கூறினர். பின்னாளில் அத்திரவத்தையே மருந்தாக்கிக் குழந்தைகளின் மூச்சுக்குழல் வழியே செலுத்தும் சிகிச்சை அதிலிருந்தே பிறந்தது.

இரண்டாம் வகை அணுக்களுக்கு மற்றுமொரு தொழிலும் உண்டு. 1970களின் நடுவில், நச்சுவாயுவைச் சுவாசித்த எலிகளின் நுரையீரலை ஆராய்ந்தவர்கள், தட்டையான முதல் வகை அணுக்கள் மடிந்த இடங்களில் இரண்டாம் வகையின விரைந்து பெருகித் தாமே தட்டையாகி ஓட்டையை அடைப்பதைக் கண்டனர். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிட்டு மறுபடி ஓட்டும் நெசவாளரைப் போல, இவ்வணுக்கள் அங்கேயே காவலிருந்து பழுது பார்க்கின்றன. அது தற்செயலன்று, இவ்வணுக்களே காற்றறையின் குருத்தணுக்கள் என்பதை 2013இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிரிஜிட் ஹோகன் அம்மையாரின் குழுவினர் ஐயமற நிறுவினர்.

அவர்கள் கையாண்ட உபாயத்தை நமது நெசவாளர்கள் எளிதில் புரிந்துகொள்வர். சேலை முழுதும் வெள்ளை இழையாக ஓடுகையில் எந்த இழை எங்கே சென்றது என்று எவராலும் சொல்ல இயலாது. ஓர் இழைக்கு மட்டும் அழியாத அரக்குச் சாயம் ஏற்றிவிட்டால், அது போகும் வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதேபோல், சுண்டெலியின் இரண்டாம் வகை அணுக்களில் மட்டும் தலைமுறை தலைமுறையாக மறையாத நிறம் ஒன்றை ஏற்றினர். பல மாதங்கள் கழிந்து பார்த்தபோது, புதிதாய்த் தோன்றிய தட்டை அணுக்களிலும் அந்நிறம் இருந்தது. தாய் இன்னதென்று பிள்ளையின் நிறமே சாட்சி சொல்லிற்று. மனிதரது நுரையீரலிலிருந்து எடுத்த அவ்வகை அணுக்களும் ஆய்வகத்துக் கூழில் வளர்க்கப்பட்டபோது சிறு உருண்டைகளாகப் பெருகின. மூச்சுக்குழலின் பெரிய கிளைகளில் வேறொரு குருத்தணு உண்டு. அது சவ்வின் அடித்தளத்தில் இருப்பதால் அடியணு எனப்படும். அதையும் 2009இல் அதே ஆய்வகத்தாரே விளக்கினர்.

சுண்டெலியில் கண்டதெல்லாம் மனிதருக்கும் ஒக்கும் என்று எண்ணிவிடலாகாது. நமது நுரையீரலில் குழலும் காற்றறையும் சந்திக்கும் இடத்தில் ஒருவகை நுண்குழல் உண்டு. சுண்டெலிக்கு அது கிடையாது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2022இல் அந்த இடத்தில் வேறொரு குருத்தணுவைக் கண்டனர். அது இரண்டாம் வகை அணுவாக மாற வல்லது. நாட்பட்ட மூச்சடைப்பு நோய் கொண்டவர்களிடம் இவ்வணு சீர்கெட்டிருப்பதையும் அவர்கள் கவனித்தனர். எலியை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால் இது ஒருகாலும் அகப்பட்டிராது.

இனி நோய்களைப் பார்ப்போம். புகை முதலாவது. பீடி, சுருட்டு ஆகியவற்றின் புகை மூச்சுக்குழலின் அடியணுக்களை ஓயாமல் தாக்குகின்றது. தூசியைப் பெருக்கித் தள்ளும் நுண்மயிர் கொண்ட அணுக்களை அவை ஈன்று தருவது குறைந்து, சளி சுரக்கும் அணுக்களை ஈன்று தருவது மிகுகின்றது. விடியற்காலை இருமலுக்கு இது ஒரு பெருங்காரணம். சில அடியணுக்களில் மரபுக் குறிப்புகள் பிழைபட்டு, புற்றுநோய்க்கு வித்தாகவும் அமைகின்றன.

இதில் நம்பிக்கையளிக்கும் செய்தி ஒன்று 2020இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. 16 பேரின் மூச்சுக்குழலிலிருந்து எடுத்த 632 அடியணுக்களைத் தனித்தனியே பெருக்கி, ஒவ்வொன்றின் மரபுக் குறிப்பையும் ஆராய்ந்தனர். புகைப்பவர்களின் அணுக்களிற் பல ஆயிரக்கணக்கான பிழைகளைச் சுமந்திருந்தன. இது எதிர்பார்த்ததே. புகைத்தலை விட்டுவிட்டவர்களிடம் பழுதேதும் படாதவை போன்ற அணுக்கள், இன்னும் புகைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இருப்பதைப்போல் நான்கு மடங்கு இருந்தமையே எவரும் எதிர்பாராதது. எங்கோ ஒளிந்து பிழைத்திருந்த நல்ல அணுக்கள் புகை நின்றதும் பெருகி, கெட்டவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பது அவர்கள் கொண்ட கருத்து. நாற்பது ஆண்டுகள் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன பயன் என்று நம்மிடம் கேட்கும் பெரியவர்களுக்கு இதைக்காட்டிலும் நல்ல மறுமொழி இல்லை. ஆயினும் காற்றறைச் சுவர் அழிந்து பெரும்பெரும் பொந்துகளாகிவிட்டால் அது மீண்டும் கட்டப்படுவதில்லை. மீள்வது குழலின் உட்சவ்வே.

மற்றொரு நோய் நுரையீரல் நார்க்கட்டு. இதில் காற்றறையின் குருத்தணுக்களே மூப்படைந்து களைத்துவிடுகின்றன. பழுது பார்க்கப் புறப்பட்ட அணு முழுதும் மாறாமல் நடுவழியில் நின்றுவிடுவதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. பழுது அடைபடாததால் உடம்பு அவ்விடத்தை நார்த்தசையால் இட்டு நிரப்புகின்றது. விதைநெல் பொய்த்த வயலில் கோரை மண்டுவது போன்றது இது. 2020இல் கொரோனாத் தொற்றுக்குக் கடுமையாக இரையானவர்களிடமும் இக்கோலம் காணப்பட்டது. அக்கிருமி அந்த இரண்டாம் வகை அணுக்களையே குறிவைத்துப் புகுந்தது என்பதைக் கருதினால் இதில் வியப்பில்லை. நார்க்கட்டின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இப்பொழுது இரண்டொன்று உள்ளன. குணப்படுத்தும் மருந்து இல்லை.

காசநோயைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்நோயைப் பொறுத்தவரையில் நமது சென்னை நகருக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஒரு காலத்தில் காசநோய் என்றால் ஆரோக்கிய விடுதிக்குச் சென்று மாதக்கணக்கில் படுத்திருத்தலே சிகிச்சை என்றிருந்தது. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய விடுதி அவ்வகையைச் சேர்ந்தது. தறியை விட்டுவிட்டு ஓராண்டு விடுதியில் கிடக்க எந்த நெசவாளரால் இயலும்? 1956இல் சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி ஒரு நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவரது வழிகாட்டலில் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை விடுதியிலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலுமாக வைத்து, ஒரே மருந்தை ஓராண்டுக்கு அளித்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் நெருக்கடியிலும் குறைந்த உணவிலும் இருந்தவர்கள், விடுதியில் நல்ல உணவோடு ஓய்விலிருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகக் குணமடைந்தனர். குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று மிகுந்துவிடவில்லை. உலகெங்கும் விடுதிகள் மூடப்படுவதற்கு அச்சோதனை பெரிதும் காரணமாயிற்று. அந்நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயருடன் விளங்குகின்றது.

மருந்து கிருமியைக் கொல்கின்றது, உண்மைதான். ஆனால் ஆறிய இடத்தில் தழும்பு நிற்கின்றது. காசநோய் தின்ற பகுதியில் குருத்தணுக்களும் அவற்றின் இருப்பிடமும் ஒருங்கே அழிந்துபோவதால் அங்கே மறுபடி காற்றறை தோன்றுவதில்லை. இதனால்தான் சளியில் கிருமி இல்லையென்று சான்று பெற்ற பிறகும் சிலருக்கு இளைப்பு நிற்கின்றது. இது மருந்தின் குறையன்று.

குருத்தணுவுக்கும் காசநோய்க்கும் வேறொரு விசித்திரமான தொடர்பும் உண்டு. இதைக் கண்டவர்கள் நம் நாட்டவர். 2010இல் டில்லியில் கோவர்தன் தாஸ் குழுவினர், காசநோய்க் கிருமியானது உடம்பின் நோயெதிர்ப்பிலிருந்து தப்ப ஒருவகைக் குருத்தணுக்களைத் தன்னைச் சுற்றி வரவழைத்துக்கொள்கின்றது என்று காட்டினர். 2013இல் அஸ்ஸாமைச் சேர்ந்த பிகுல் தாஸும் உடன் உழைத்தவர்களும், சிகிச்சையை முறையே முடித்த நோயாளிகள் சிலரின் எலும்பு மச்சையிலிருந்த குருத்தணுக்களுக்குள் அக்கிருமி உயிரோடு உறங்குவதைக் கண்டனர். ஆராயப்பட்டோர் அருணாசலப் பிரதேசத்தின் இது மிஷ்மி மக்கள். குருத்தணுவானது தன்னுள் புகும் மருந்துகளைத் திரும்ப வெளியே தள்ளும் இயல்புடையது. நெடுநாள் பிரியாமல் உறங்க வல்லது. பதுங்க விரும்பும் கிருமிக்கு இதைவிட நல்ல புகலிடம் வேறெது? காசநோய் மருந்தை மாதக்கணக்கில் இடைவிடாமல் உண்ணச் சொல்வதன் நியாயம் இதனால் இன்னும் தெளிவாகின்றது. குருத்தணு என்று பெயர் பெற்ற யாவும் எந்த நிலையிலும் நன்மையே செய்யும் என்ற எண்ணமும் இதனால் ஆட்டம் காண்கின்றது.

இனி நமது தொழிலுக்கு நெருக்கமான ஒரு கதை. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள், மனித நுரையீரலில் எல்லாவகை அணுவாகவும் மாற வல்ல ஒரே மூலக் குருத்தணுவைக் கண்டுவிட்டோம் என்று அறிவித்தனர். பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் பியரோ அன்வெர்சா என்பாரின் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ‘சி-கிட்’ என்னும் அடையாளப் புரதத்தைத் தாங்கிய அவ்வணுக்களைச் சுண்டெலியின் பழுதுற்ற நுரையீரலில் செலுத்தினால் குழல், காற்றறை, இரத்த நாளம் யாவுமே மனித அணுக்களாகத் தோன்றின என்றனர். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் என்னும் உலகப் புகழ்பெற்ற இதழில் அது வெளியாயிற்று. மூச்சடைப்பு நோய்க்கு விடிவு பிறந்ததென்று எங்கும் பேசப்பட்டது.

பிறர் செய்து பார்த்தனர், அவ்வாறு வரவில்லை. அதே ஆய்வகத்தின் இதய ஆய்வுகளைப்பற்றியும் ஐயங்கள் எழுந்தன. மருத்துவமனையும் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியும் பழைய குறிப்பேடுகளையும் படங்களையும் எடுத்து விசாரணை நடத்தின. இதய ஆய்வுக்கு அரசாங்க நிதி பெற்றதன் தொடர்பான குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு 2017இல் அம்மருத்துவமனையின் நிர்வாகம் ஒரு கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. 2018 அக்டோபரில், அவ்வாய்வகத்திலிருந்து வெளிவந்த 31 கட்டுரைகளில் திரிக்கப்பட்ட அல்லது புனையப்பட்ட விவரங்கள் உள்ளன, அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவ்விரு நிறுவனங்களும் இதழ்களுக்கு எழுதின. நுரையீரல் கட்டுரையும் அம்மாதமே திரும்பப் பெறப்பட்டது. இடையில் கழிந்தவை ஏழு ஆண்டுகள்.

இதைக் கேட்டு விஞ்ஞானமே பொய் என்று சொல்பவர்கள் உண்டு. நாம் அக்கட்சியினர் அல்லோம். ஒரு சங்கத்தில் இருப்பில் இல்லாத பட்டு, இருப்பேட்டில் இருப்பதாக எழுதப்பட்டிருந்தால், அலமாரியைத் திறந்து நிறுத்துப் பார்க்கும் நாளில் அது வெளிப்பட்டே தீரும். பிறர் செய்து பார்த்தல் என்பது விஞ்ஞானத்தின் இருப்புச் சோதனை. டியூக் ஆய்வகத்தின் இரண்டாம் வகை அணுவைப் பல நாட்டாரும் செய்து பார்த்தனர், அது நிலைத்தது. பாஸ்டனின் சர்வவல்லமை வாய்ந்த அணு நிலைக்கவில்லை. வருந்தத் தக்கது என்னவெனில், சோதனை முடிவதற்குள் அந்தப் பெயர் சந்தைக்கு வந்துவிட்டது.

மேலே சொன்ன மனு இத்தொடர்பில்தான் வந்தது. ஐம்பது வயது கடந்த குழித்தறி நெசவாளர் ஒருவர்; பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காசநோய் கண்டு, மருந்துண்டு குணமானவர். இப்பொழுது கால்மணி நேரம் தறியில் அமர்ந்தால் மூச்சு வாங்குகின்றது. நகரத்து நிலையம் ஒன்று மூன்று தவணையில் குருத்தணு ஊசி போடுவதாகச் சொல்லி மூன்று லட்சம் ரூபாய் கேட்டிருக்கின்றது. மனைவியாரின் நகைகள் அனைத்தையும் ஈடு வைக்க இருவரும் சங்கத்துக்கு வந்தனர். அந்த அம்மையார், “நகை போனால் போகட்டும் ஐயா, மனுஷர் மூச்சு விட்டால் போதும்” என்றார். இதற்கு எதிராக வாதாடுவது எளிதன்று. நகை அவருடையது, ஈடு வைக்கும் உரிமையும் அவருடையது.

இருந்தாலும் இரண்டு தாள்களை மட்டும் வாங்கி வரும்படி கேட்டுக்கொண்டோம். ஒன்று, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அச்சிகிச்சைக்கு வழங்கப்பட்ட பதிவெண். மற்றொன்று, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இரத்த நோய் போன்ற சிலவற்றுக்குச் செய்யப்படும் எலும்பு மச்சை மாற்றம் தவிர, ஏனைய குருத்தணு சிகிச்சைகள் அனுமதி பெற்ற பரிசோதனையாக அல்லாமல் அளிக்கப்படலாகாது. நுரையீரல் நோய் அந்த விலக்கில் இல்லை. மேலும், உண்மையான பரிசோதனையில் சேருபவரிடம் அந்தப் பரிசோதனைப் பொருளுக்கு விலை வாங்குவதும் முறையன்று. பதிவேடு 2007 முதல் இயங்குகின்றது, எவரும் பார்க்கலாம். பதிவெண் இல்லாத சங்கத்தில் பணம் போடாதீர் என்று நாம் ஊரூராகச் சொல்லி வருகின்றோமே, அதே விதிதான்.

தாள்கள் வரவில்லை. வழவழப்பான வண்ண விளம்பரம் ஒன்று வந்தது. அதில் பாஸ்டன் கண்டுபிடிப்பும் குறிப்பிடப்பட்டிருந்தது. திரும்பப் பெறப்பட்ட செய்தி காணோம்.

நேர்மையாக நடந்த பரிசோதனைகள் என்ன சொல்கின்றன என்பதையும் கூறிவிடுவோம். அமெரிக்காவில் நாட்பட்ட மூச்சடைப்பு நோயாளிகள் 62 பேரைக் கொண்டு எலும்பு மச்சைக் குருத்தணுவைச் சோதித்து இரண்டாண்டு கவனித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். தீங்கு நேரவில்லை, மூச்சின் அளவும் உயரவில்லை. சீனத்தில், நோயாளியின் சொந்த மூச்சுக்குழலிலிருந்தே அணுக்களை எடுத்துப் பெருக்கித் திரும்பச் செலுத்தும் முயற்சி நடைபெறுகின்றது. 2024இல் வெளிவந்த அறிக்கையில் சிலருக்கு நன்மை தெரிந்ததாகக் கண்டுள்ளது. ஆனால் ஆராயப்பட்டவர்கள் இருபது பேரே. ஒப்பிட்டுப் பார்க்க நிறுத்தப்பட்டோர் மிகச் சிலரே. நம்பிக்கை கொள்ள இடமுண்டு. நகையை ஈடு வைக்க இடமில்லை.

குருத்தணு மருத்துவமே வீண் என்று யாரும் கொள்ளவேண்டா. தாமலிலிருந்து இதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இரத்தம் உறையாமை என்னும் பிறவி நோய் கொண்ட ஐவரது குருத்தணுக்களை எடுத்து, குறையான மரபுக் குறிப்பைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினர். அதன் பின்னர் ஐவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற செய்தி 2024 டிசம்பரில், முன்பு பாஸ்டன் கட்டுரையை வெளியிட்ட அதே இதழில் வந்தது. இரத்தக் குருத்தணு எலும்பு மச்சையில் தானே சென்று குடியேறும், பெருகும். நுரையீரலுக்கு அவ்வாறில்லை. ஊசி வழியே செலுத்திய அணு நுரையீரலின் நுண்ணிய நாளங்களில் தங்கிச் சில நாட்களில் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. காற்றறைச் சுவரில் அது இழையாகச் சேருவதில்லை.

அந்த நெசவாளர் பின்னர் அரசு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்குச் சென்றார். சளியில் கிருமி மீண்டும் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்தனர். குழலில் ஊதச் செய்து மூச்சின் அளவைக் கண்டனர். குழல்கள் சுருங்கியிருந்தமையால் உறிஞ்சும் மருந்தும், நாள்தோறும் செய்யவேண்டிய மூச்சுப் பயிற்சியும் கொடுத்தனர். செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. முழுநாளும் தறி ஓட்ட இன்னும் அவரால் இயலவில்லை. காலை வேளையில் ஓட்டுகின்றார், பிற்பகலில் மகன் அமர்கின்றான். கோர்வைச் சேலை எடுப்பதை நிறுத்திவிட்டார். நகைகள் வீட்டில் உள்ளன.

இருக்கும் குருத்தணுக்களைக் காப்பது நம் கையில் எவ்வளவு இருக்கின்றது என்பதையும் சொல்லவேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தார் திருவள்ளூர் மாவட்டத்து 45 கிராமங்களில், புகைபிடிக்காத, முப்பது வயது கடந்த 900 பெண்களைப் பரிசோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.44 பேருக்கு நாட்பட்ட மூச்சடைப்பு நோய் இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் அடுக்களையில் இருந்தவர்களிடையே அது நூற்றுக்கு மூன்று. பீடியைத் தொட்டும் அறியாத பெண்கள் இவர்கள். விறகும் வறட்டியும் எரிக்கும் அடுப்புக்கு நேர்மேலே புகைபோக்கி வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மாதத்து மருந்துச் செலவைக்காட்டிலும் அதிகமிராது. தார் சுற்றும் பெண்கள் அடுக்களையை ஒட்டிய இடத்தில் அமர்ந்து வேலை செய்யும் வீடுகளில் இது இன்னும் அவசியம்.

நெசவுத் தொழிலில், பட்டின் பசை நீக்கிச் சாயம் தோய்க்கும் கொட்டகையே கவனத்துக்குரியது. கொதிக்கும் தொட்டியின் ஆவி வெளியேற எதிரெதிர்ச் சன்னல்கள் வேண்டும். பச்சைப் பட்டின் பசையிலுள்ள செரிசின் என்னும் பொருள் சிலருக்கு ஒவ்வாமல் இழுப்பை உண்டாக்குவதும் உண்டு. வேலை நாளில் வந்து விடுமுறையில் தணியும் இழுப்பாயின், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லவேண்டும்.

பயிர்த்தொழில் செய்வோருக்கு ஒன்று. இந்தியாவில் 27 மருத்துவமனைகள் கூடி, நுரையீரல் நார்க்கட்டு முதலிய நோய்கள் கொண்ட 1,084 பேரைப் பதிவுசெய்து 2017இல் வெளியிட்ட கணக்கில், பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு நோயின் காரணம் பூஞ்சைத் தூசு, பறவை எச்சம் முதலியவற்றைத் தொடர்ந்து சுவாசித்தமையால் வந்த ஒவ்வாமை என்று கண்டனர். அறைகளில் வைக்கும் தண்ணீர்க் காற்றாடிப் பெட்டியும் ஒரு முக்கிய காரணமாகத் தெரிந்தது. அதன் நார்த்தட்டியில் பூஞ்சை படர்கின்றது. இவ்வகை நோயைத் தொடக்கத்தில் கண்டு காரணத்தை விலக்கிவிட்டால் தழும்பு விழுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். ஆகவே, மழைக்குப் பின் வைக்கோற்போரைப் பிரிக்கையில் வெண்பூஞ்சை புகைபோல் எழுமாயின், மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு காற்று வரும் பக்கம் நின்று பிரிக்கவேண்டும். அன்று மாலையே காய்ச்சலும் வறட்டிருமலும் கண்டு, இரண்டு மூன்று நாளில் தானே தணிந்து, அடுத்த போர் பிரிக்கும்போது மறுபடி வருமாயின், சளி மருந்து வாங்கிக் காலங்கடத்தாமல், வைக்கோல் பிரித்ததையும் சேர்த்துச் சொல்லி நெஞ்சுநோய் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளவும்.